கிச்சன் அக்காவும் இரண்டாம் மாடி நாற்காலியும்

பெட்டியை நாடா ஒட்டி மூடுவதற்கு முன்னால் கிச்சன் அக்கா அதன்மேல் காதை வைப்பார். இரண்டு கைகளாலும் பெட்டியின் விலாவைப் பிடித்து, உறங்கும் குழந்தையைப் படுக்கையில் ஓரமாக நகர்த்துவது போல, ஒரே ஒரு தரம் அசைப்பார். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரக்கூடாது. ஒரு கரண்டி முனகினாலும் பெட்டி மறுபடி திறக்கப்படும். "உள்ள யாரோ சும்மா இல்ல, பேச்சுக் குரல் கேக்குது" என்று சொல்லிக்கொண்டே பழைய செய்தித்தாளைக் கசக்கி, கரண்டிக்கும் வாணலிக்கும் நடுவே செருகி, மறுபடியும் காது வைப்பார். இந்தப் பரிசோதனை முடியும்வரை லாரி காத்திருக்க வேண்டும். டிரைவர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தால், "நல்லா அடிங்க. ஹாரன் உடைஞ்சா அதை நான் பேக் பண்ண மாட்டேன்" என்பார்.

வீடு மாற்றிக் கொடுக்கும் அந்தச் சிறு நிறுவனத்தில் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் ஆண்களின் பொறுப்பு. சமையலறை மட்டும் அக்காவுடையது. பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. தட்டுகளை அவர் ஒருபோதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்குவதில்லை. அலமாரியில் புத்தகங்கள் நிற்பது போல நிறுத்தியே வைப்பார். "படுக்க வச்சா மேல இருக்கிறவங்க பாரமெல்லாம் அடியில இருக்கிறவன் தலையில. நிக்க வச்சா அவனவன் பாரம் அவனவனுக்கு" என்பது அவர் கூறும் காரணம். கோப்பைகளின் பிடிகள் உட்பக்கம் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பாட்டிலுக்குத் தனிப் பெட்டி. அதை வேறு எதனோடும் சேர்த்து வைத்ததாக யாரும் கண்டதில்லை.

ஒரு கெட்டிலையும் சில கோப்பைகளையும் சர்க்கரை டப்பாவையும் மட்டும் கடைசிவரை வெளியே விட்டு வைப்பார். வீடு முழுதும் காலியாகி, பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தில், தேநீர் போட்டு அந்தக் குடும்பத்தையே வெறுந்தரையில் உட்காரவைத்துக் குடிக்கச் செய்வார். நிறுவனத்தில் இப்படியொரு விதி கிடையாது. அக்காவின் விதி இது. "பெரிய வீட்டுக்குப் போறவங்களும் சரி, கையைச் சுட்டுக்கிட்டுச் சின்ன வீட்டுக்குப் போறவங்களும் சரி, இந்த டீயைக் குடிக்கிறப்ப மூஞ்சியை ஒரே மாதிரிதான் வச்சிக்குவாங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

எத்தனையோ பேருடைய சமையலறைகளுக்குள் கைவிட்ட அனுபவத்தில் அக்காவுக்குச் சில தீர்மானங்கள் உண்டாகியிருந்தன. விருந்துக்கு அடுக்கிய தட்டு ஒரு சுவர் நிறைய இருக்கும். தினம் புழங்கி விளிம்பு தேய்ந்த தட்டு இரண்டே இரண்டு இருக்கும். பிரிக்காத பெட்டியிலேயே மூன்று வீடு மாறிய மிக்ஸியை அவர் பார்த்திருக்கிறார். பிடி உடைந்த ஒரே குவளைக்கு மூன்று குழந்தைகள் அடித்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறார். ஆகவே, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுமை தூக்குகிறவர்கள் லாரியின் நிழலில் உட்கார்ந்து, கையில் பணம் புரண்டால் எப்படியெல்லாம் வாழலாம் என்று கனவு காணும்போது, தீர்ப்பு அக்காவிடமிருந்தே வரும்.

"சந்தோஷம்ங்கிறது நாம எடுக்கிற முடிவுப்பா. நான் காலையில பல்லு விளக்கும்போதே முடிவு பண்ணிடுவேன், இன்னிக்கு நல்லாத்தான் இருக்கப்போறேன்னு. அதுக்கு யார்கிட்டயும் போய்க் கை நீட்ட வேண்டியதில்ல."

"அக்கா, எனக்குப் பல்லு விளக்கற பேஸ்ட்டுக்கே கை நீட்டவேண்டியிருக்கே!" என்பார் மீசை. சுமை தூக்குகிறவர்களில் மூத்தவர் அவர். மீசையை எடுத்துப் பல காலம் ஆகியும் பெயர் போகவில்லை.

"விரலால விளக்கு. முடிவு தானா வரும்."

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும்.

இதை வெறும் வாய்ப்பேச்சு என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அக்கா சொன்னபடியே வாழ்ந்தவர். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில், ஒரு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு அந்த ஒற்றை அறையே அக்காவுக்கும் அவர் கணவருக்கும் மாளிகையாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் காற்று கதவைத் தட்டாமல் உள்ளே வரும். வாடகை குறைவு. மொட்டைமாடி தலைக்கு மேலேயே இருந்ததால் துணி காயப்போட யாரோடும் சண்டை இல்லை. மாலையில் சாப்பிட உட்காரும்போது அக்கா ஒரு பார்வையில் வீட்டைச் சுற்றி வந்து, "நமக்கு என்னங்க குறைச்சல்?" என்பார். வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்பார்.

வீட்டுக்காரருக்குப் பேக்கரியில் மாவு பிசையும் வேலை. விடிவதற்கு முன் இறங்கிப் போவார். மத்தியானம் திரும்பி வருவார். புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும். அவர் உள்ளே வந்தால் சூடான ரொட்டியின் வாசனை அவருக்கு முன்னால் வரும். பேச்சு அவருக்குப் பின்னாலும் வராது. அக்கா காலையில் போய்ப் பொழுது சாயும்போது திரும்புகிறவர். ஆதலால் வார நாட்களில் இருவரும் சேர்ந்து படியேறுவதற்குச் சந்தர்ப்பம் இல்லை. விடுமுறை நாளில் எங்காவது போய் வந்தாலும், கட்டட வாசலில் அவருக்கு ஒரு வேலை நினைவுக்கு வந்துவிடும். "நீ முன்னால போ. நான் பேப்பர் வாங்கிட்டு வரேன்" என்பார். ஒருநாள் பேப்பர், ஒருநாள் வெற்றிலை, ஒருநாள் யாரையோ பார்ப்பது. அக்கா இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறிப்போய்விடுவார்.

இவ்வளவுக்கும் நடுவே, நிறுவனத்தின் முதலாளி அக்காவை மூன்று தடவை கூப்பிட்டு ஒரு பதவி கொடுக்கப் பார்த்தார். வீடு மாறப்போகிறவர்களிடம் முன்கூட்டியே போய், சாமான்களைக் கண்ணால் அளந்து, எத்தனை பெட்டி, எந்த லாரி, என்ன கட்டணம் என்று சொல்லி வரும் வேலை. அதுவரை அந்த வேலையைச் செய்தவர், அலமாரியின் கதவைத் திறந்து பார்க்காமலே கணக்குச் சொல்லி நிறுவனத்தின் கையைக் கடிக்க வைத்துக்கொண்டிருந்தார். சம்பளம் கணிசமாக அதிகம். அக்கா மூன்று தடவையும் மறுத்துவிட்டார்.

"விலை சொல்ற மூஞ்சி எனக்கு இல்ல முதலாளி. எனக்கு என் பெட்டி போதும். இருக்கிறதே நிறைய."

இந்த "இருக்கிறதே நிறைய" பிறகு நிறுவனத்தில் ஒரு வழக்குச் சொல்லாயிற்று. யாராவது இன்னொரு தேநீர் வேண்டாம் என்று சொன்னால்கூட மீசை, "அக்கா கட்சியில சேர்ந்துட்டியா?" என்பார்.

நாற்காலியின் கதை கோடை முடிகிற சமயத்தில் தொடங்குகிறது. இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம் காலி செய்துகொண்டு போயிற்று. அதற்குச் சில நாட்கள் கழித்து, அந்த மாடியின் படித்திருப்பத்தில் ஒரு மரநாற்காலி நிற்பதை அக்கா கவனித்தார். முதுகில் ஒரு சட்டம் இல்லை. உட்காருமிடத்தில் நிறம் போன ஒரு மெத்தை. வீடு மாற்றும் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டுக்கு வேண்டாத பொருளைக் குடும்பத்தார் கதவுக்கு வெளியே, படிக்கட்டு ஓரத்தில் வைத்துவிடுவார்கள். அப்படி வெளியே நிற்பதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சுமை தூக்குகிறவர்கள் அதை இறக்கிக் குப்பைத்தொட்டி அருகே வைத்துவிட்டுப் போவார்கள். வாழ்நாளெல்லாம் இந்த வழக்கத்தில் பழகிய கண்ணுக்கு, அந்த நாற்காலி போனவர்கள் விட்டுவிட்டுப் போன பொருளாகத்தான் தெரிந்தது. வழியில் நின்றால் யாராவது இடறி விழுவார்களே என்ற நல்ல எண்ணமும் சேர்ந்துகொள்ள, ஒருநாள் காலை வேலைக்குப் போகும்போது அதைத் தூக்கிக்கொண்டு இறங்கி, குப்பைத்தொட்டி அருகே வைத்துவிட்டார். சும்மா வைக்கவில்லை. குப்பை அள்ளுகிறவர்கள் கையில் இடிபடக்கூடாதென்று நான்கு கால்களையும் குறுக்காகக் கயிறு சுற்றிக் கட்டி வைத்தார்.

மறுநாள் மாலை நாற்காலி பழைய இடத்தில் நின்றது.

அக்காவுக்கு எரிச்சல் வந்தது. இரண்டாவது தடவையும் தூக்கிக்கொண்டு போய், முன்னைவிட இறுக்கிக் கட்டி வைத்தார். இரண்டு நாளில் அது மறுபடி மேலே வந்துவிட்டது. "இந்தக் கட்டடத்துல யாருக்கோ குப்பை மேல ஆசை" என்று அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் "ம்" என்றார்.

மூன்றாவது தடவை அக்கா நாற்காலியைத் தூக்கி இடுப்பில் இடுக்கிய நேரத்தில், பக்கத்துக் கதவு திறந்தது. பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர் அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். மாணவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துப் பழகிய குரல் அவருக்கு இன்னும் இருந்தது.

"ஓகோ! திருடன் நீங்கதானா?"

"திருடனா? யாரோ போட்டுட்டுப் போன நாற்காலி டீச்சர். வழியில கெடக்குது."

"போட்டுட்டுப் போகல. நான்தான் போட்டு வச்சிருக்கேன்."

"நீங்களா! எதுக்கு டீச்சர்?"

"நாற்காலி எதுக்குப் போடுவாங்க? உட்காரத்தான்."

"மாடிப்படியில யாரு வந்து உட்காரப்போறா?"

அக்காவின் முகத்தில் பாசாங்கு எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொள்பவர்போல டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"உங்ககிட்ட சொல்லவே இல்லையா அவர்? உங்க வீட்டுக்காரருக்குத்தாம்மா. வேலை முடிஞ்சு வரும்போது இந்தத் திருப்பத்துக்கு மேல கால் வர்றதில்ல அவருக்கு. முதல்ல படியிலயே உட்கார்ந்துக்கிட்டு இருந்தார். உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல. நான்தான் ரெண்டு தடவை கையைக் கொடுத்தேன். வெயில் காலம் பூரா அப்படித்தான். அப்புறம்தான் இதைப் போட்டேன்."

அக்கா நாற்காலியைக் கீழே வைத்தார். நாலு காலும் தரையில் படும்படி, ஆடாமல், சத்தமில்லாமல் வைத்தார். அவர் கீழே இறங்கிப் போய்விட்ட பிறகும் டீச்சர் கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் நின்றிருந்தாராம்.

அன்றைய வேலை ஒரு பெரிய வீட்டில். மதியத்துக்கு முன்பே மீசை கவனித்துவிட்டார்.

"அக்கா, இந்தப் பெட்டிக்குக் காது வைக்கலையே?"

"வச்சேன்."

"எப்ப வச்சீங்க? நான் இங்கதானே நிக்கிறேன்?"

"அப்ப நீயே வச்சுக் கேளு."

மீசை பெட்டியை அசைத்துக் காது வைத்தார். உள்ளே இரண்டு மூடிகள் ஒன்றோடொன்று உரசிப் பேசிக்கொண்டிருந்தன. அவர் தாமே பெட்டியைத் திறந்து, செய்தித்தாளைக் கசக்கிச் செருகினார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்ததும் அவரே.

மாலையில் அக்கா முதல்முறையாக ஒவ்வொரு படியாக ஏறினார். ஏறும்போது சுவரைப் பார்த்தார். கைக்கு எட்டுகிற உயரத்தில், முதல் மாடியிலிருந்து நாலாம் மாடிவரை, மங்கலாக ஒரு பட்டை ஓடிற்று. அவர் அதை அழுக்கு என்று எண்ணியிருந்தார். ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தும் இருக்கிறார். விரலால் தொட்டுப் பார்த்தார். மாவு.

வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

அவருக்கு எந்த டாக்டர், எதற்கு என்ற கேள்வி எழவில்லை. "போனேன்" என்றார்.

"என்ன சொன்னார்?"

"படியேறாதீங்கன்னார்."

"எப்ப சொன்னார்?"

"போன வருஷம்."

அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் என்ன மூணாம் மனுஷியா?"

"எப்பச் சொல்றது? தினமும் தட்டுல சோறு விழறதுக்கு முன்னாடி நமக்கு என்ன குறைச்சல்னு கேக்கிற. இது ஒரு குறைச்சல்னு அதுக்கு நடுவுல எப்படிச் சொல்றது? உன் சந்தோஷத்தைக் கெடுக்கறாப்ல இருக்கும்." முட்டியைத் தடவிக்கொண்டே, "நானும் சந்தோஷமாத்தான் இருக்கேன். முட்டி வலிக்குது, அவ்வளவுதான். ரெண்டும் வேற வேற" என்றார். அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை என்று அக்கா பிற்பாடு சொன்னார்.

"அந்த நாற்காலியை நான்தான் தூக்கிப் போட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா!"

"குப்பையைக்கூடக் காலைக் கட்டி, முடிச்சுப் போட்டு வைக்கிறவ இந்த ஊர்ல வேற யாரு?"

"அப்ப அதைத் திரும்ப மேல கொண்டுவந்தது யாரு?"

"நான்தான்."

"அந்த முட்டியை வச்சுக்கிட்டா?"

"அது ஒண்ணும் கஷ்டமா இல்ல. ஒவ்வொரு திருப்பத்துலயும் கீழ வச்சு உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தேன். நாற்காலி கூடவே வந்தா வசதியாத்தான் இருக்குது."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சிரிப்பே முந்திக்கொண்டது, பின்னால் வந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டார். தினமும் காலையில் தான் எடுத்த முடிவு இரண்டு பேருக்குமாக எடுத்த முடிவு என்பதும், அதற்கான கூலியை ஒருவரே படி படியாகக் கொடுத்து வந்திருக்கிறார் என்பதும் அவருக்கு விளங்கிவிட்டன.

"கீழ்த்தளத்துல வீடு பார்த்தா வருவீங்களா?"

"வாடகை?"

"நான் கேட்டது வருவீங்களான்னு."

"இங்க காத்து நல்லா வருதே."

"காத்து வந்து உங்க முட்டியைப் புடிச்சு விடுதா?"

பேக்கரிக்குப் பின் தெருவில் ஒரு கீழ்த்தள வீடு காலியாக இருந்தது. வாடகை, இப்போது கொடுப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டுக்காரரின் சம்பளமும் அக்காவின் சம்பளமும் சேர்ந்து போய் அந்த வாடகைக்கு எதிரே நின்றால், மாதக் கடைசியில் அடுப்பு எரியாது. மறுநாள் அக்கா நேரே முதலாளியின் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது, ஆனாலும் உள்ளே நடந்தது சொல்லுக்குச் சொல் தெரியும், ஏனெனில் மீசையும் மற்றவர்களும் அப்போது கதவுக்கு வெளியே ஒரு காலிப் பெட்டியை மிக மெதுவாக மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முதலாளி, அந்த விலை சொல்ற வேலை இன்னும் இருக்கா?"

முதலாளிக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அதைக் காட்டினால் செலவு என்பதால் முகத்தைச் சுருக்கிக்கொண்டார். "இருக்குன்னு வைங்க. ஆனா அன்னிக்குச் சொன்ன சம்பளத்துக்கு இப்ப…"

"அன்னிக்குச் சொன்ன சம்பளம் எனக்கும் வேண்டாம்."

"அப்படி வாங்க வழிக்கு!"

"அதைவிட அதிகம் வேணும்."

வெளியே பெட்டி மடிப்பது நின்றுபோயிற்று.

"என்னம்மா இது? இருக்கிறதே நிறைய, சந்தோஷத்துக்குக் காசு வேண்டாம், பல்லு விளக்கினாலே போதும்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றது நீங்கதானே?"

"எனக்கு வேண்டாம்தான் முதலாளி. என் சந்தோஷத்தை நான் இன்னிக்கும் பல்லு விளக்கும்போதே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். இது எங்க வீட்டுக்காரர் முட்டிக்கு. முட்டி பல்லு விளக்காது."

முதலாளி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பேரம் பேசுவது கடினம். ஆயினும் பேசினார்; அக்காவும் விடவில்லை. விலை சொல்லும் முகம் தனக்கு இல்லையென்று மூன்று தடவை சொன்னவர், அன்று சொன்ன விலையிலிருந்து மிகச் சிறிதளவே இறங்கினார். கடைசியில் முதலாளி தானாகவே ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்: "வீடு மாறும்போது லாரியை எடுத்துக்குங்க. அதுக்குக் காசு வேண்டாம். ஆனா டிரைவருக்கு டீ நீங்கதான் போடணும்."

குடிபெயர்ந்த நாளில் மீசையும் மற்றவர்களும் விடுமுறையென்றும் பாராமல் வந்து சேர்ந்தார்கள். அக்கா பழக்கதோஷத்தில் செய்தித்தாளை எடுத்தபோது மீசை பிடுங்கிக்கொண்டார்.

"நீங்க இன்னிக்குக் கஸ்டமர். கஸ்டமர் கை வச்சா எங்களுக்கு அவமானம். ஓரமா உட்கார்ந்து, அதை ஜாக்கிரதையா எடுங்க, இதை ஜாக்கிரதையா எடுங்கன்னு எங்க உசிரை வாங்குங்க. கஸ்டமர் அப்படித்தான் பண்ணணும்."

"தட்டை நிக்க வை."

"பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டாங்க!"

தன் சமையலறை மற்றவர் கையால் காகிதத்துக்குள் போவதை அக்கா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். இத்தனை காலம் தன்னெதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்ற இல்லத்தரசிகள் எல்லோரையும் நினைத்து, "பாவம், அவங்களை நான் என்ன அதட்டு அதட்டியிருக்கேன்" என்றார். வீடு காலியானதும் தேநீர் போட்டார். டீச்சர் தமது கோப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறி வந்திருந்தார். அவருக்கும் மூச்சு வாங்கிற்று.

"நாற்காலியை எடுத்துட்டுப் போங்க. உங்க நாற்காலிதானே அது" என்றார் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர், இங்கயே இருக்கட்டும். இந்த வீட்டுக்கு அடுத்து வர்றவங்களுக்கும் முட்டி இருக்குமில்ல?" என்று சொன்ன அக்கா, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி என்று ஒரு சொல் சொல்ல நினைத்திருக்க வேண்டும்; "அதுல இருக்கிற மெத்தையை மட்டும் நான் புதுசா தைச்சுக் கொண்டாந்து தரேன்" என்றுதான் வந்தது. சொன்னபடியே அந்த மாதத்துக்குள் தைத்துக் கொடுத்தும்விட்டார்.

புது வீட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. அவற்றையும் எழுதினால்தான் இந்தச் சித்திரம் நேர்மையாக இருக்கும். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். காற்றுக்கு மின்விசிறியை நம்ப வேண்டும். தெருவில் போகிறவர்களின் பேச்சு முழுதும் கூடத்துக்குள் வந்துதான் போகிறது. புதிய வேலையிலும் அக்காவுக்குக் கை சும்மா இருக்கிறதில்லை. முதல் வாரத்தில், ஒரு வீட்டுக்குக் கணக்குப் பார்க்கப் போன இடத்தில், பேசிக்கொண்டே அந்த அம்மாளின் கண்ணாடித் தம்ளர்களைக் காகிதத்தில் சுற்றத் தொடங்கிவிட்டார். "நாங்க அடுத்த மாசம்தாங்க போறோம்" என்று அந்த அம்மாள் சொல்லவும், ஒவ்வொன்றாகப் பிரித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். பெட்டிகளின் பொறுப்பு மீசைக்குப் போயிற்று. அதைப் பற்றிப் பேச்சு வரும்போது அக்காவின் குரல் ஒரு கணம் தணிந்துவிடும். "இப்பல்லாம் பெட்டி பேசறது எனக்குக் கேக்கறதில்ல" என்பார்.

மதியத் தீர்ப்புகளை அவர் இப்போது வழங்குவதில்லை. பணமா, மனமா என்று பழையபடி விவாதம் எழும்போது, மீசை வேண்டுமென்றே, "அக்கா, நீங்க சொல்லுங்க" என்று இழுத்துப் பார்ப்பார். "நான் ஒருத்தியா இருந்தா பதில் சொல்லுவேன்ப்பா. வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிடுவார். சம்பளம் கைக்கு வரும் நாளில் உறையை வாங்கி, பிரிக்காமல், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்கிறார். முன்பு அவர் அப்படிச் செய்ததில்லை. முதலாளி அதைப் பார்த்துக் கேலி செய்தபோது, "நல்ல காசு முதலாளி இது. நாலு மாடி இறக்கி விட்டிருக்கு" என்றாராம்.

புது வீட்டுக்கு வந்த முதல் விடுமுறை நாள். வீட்டுக்காரர் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பினார். அக்கா அவரை அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டார். தாழ் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் கதவு தட்டப்பட்டது.

"கண்ணாடியை மறந்துட்டேன்."

எடுத்துக்கொண்டு போனார். அக்கா தாழிட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பியதுமே மறுபடி தட்டும் சத்தம். இந்த முறை குடை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நாலாம் மாடியில் இருந்தவரையில், வாசலுக்கு இறங்கியபின் எதையாவது மறந்தது தெரிந்தால் மறந்தது மறந்ததுதான். கண்ணாடியில்லாமல் நாள் முழுக்க வேலை பார்த்திருக்கிறார். குடையில்லாமல் தொப்பலாக நனைந்து வந்திருக்கிறார். குடையைக் கொடுத்து அனுப்பிவிட்டு அக்கா மூன்றாம் முறை தாழைத் தொடும்போதே, வெளியே காலடிச் சத்தம் நின்று, திரும்பி, நெருங்கி வந்தது.

அக்கா கதவைத் திறந்தார். "இப்ப என்னத்தை மறந்தீங்க?"

வீட்டுக்காரர் உள்ளே வந்து கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது. குடை கையில் இருந்தது.

"ஒண்ணும் மறக்கல. சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் வெளியே போனார்.

அக்கா தாழிலிருந்து கையை எடுத்தார். கதவைச் சுவரோடு சேரும்வரை தள்ளி, அது தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்கும்படி, வாசலோரம் கிடந்த தன் செருப்பில் ஒன்றை எடுத்து அதன் அடியில் செருகினார்.